மூன்று பிள்ளைகள் பெற்ற ராஜாவுக்கு வாரிசு இல்லாமல் போனது எப்படி? ஸ்காட்லாந்தின் மூன்றாம் அலெக்சாண்டர் கொடிவழியில் சந்தேகங்கள்

கேட்டவர்: கொடிவழிக்காரன்

ஸ்காட்லாந்தின் மூன்றாம் அலெக்சாண்டர் (ஆட்சி 1249–1286) குடும்பத்துக்கு ஒரு கொடிவழிப் படம் தயார் செய்கிறேன். சில இடங்களில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலாவது, எங்கே திரும்பினாலும் மார்கரெட். மனைவி மார்கரெட், மகள் மார்கரெட், பேத்தி மார்கரெட், போதாததற்கு மருமகளும் மார்கரெட். யார் எப்போது இறந்தார்கள் என்று பிரிப்பதற்குள் குழம்பிவிடுகிறது.

இரண்டாவது, ஆண்டுகள் ஒத்துவரவில்லை. ஒரு நூலில் ராஜா இறந்தது 1285 மார்ச் 19, இன்னொன்றில் 1286 மார்ச் 19. முதல் தேதியை எடுத்தால் அவர் இரண்டாவது கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டதாக வருகிறது. இளவரசர் அலெக்சாண்டர் இறந்த ஆண்டும் இப்படித்தான், 1283 என்றும் 1284 என்றும் இருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது. இரண்டு மகன், ஒரு மகள் இருந்தும் வாரிசு ஒரு சின்னக் குழந்தையிடம் போய் நின்றது எப்படி? அந்தக் குழந்தையும் போனபின் அரியணை கேட்டு நின்ற ஜான் பேலியலா ராபர்ட் புரூஸா என்று வந்தபோது எந்தக் கணக்கில் பேலியலுக்குக் கொடுத்தார்கள்? இங்கிலாந்து ராஜா தனக்கு வளைந்துகொடுக்கிற ஆளைப் பிடித்துப் போட்டார் என்றுதான் பல இடங்களில் படிக்கிறேன். அது மட்டும்தானா?

தெரிந்தவர்கள் தேதி, ஊர் சகிதம் சொன்னால் படத்தில் அப்படியே ஏற்றிக்கொள்வேன்.

பதில் 1: வடகடல்

மார்கரெட்களை முதலில் பிரித்துவிடுவோம். பெயரை மட்டும் எழுதினால் கட்டாயம் தப்பு வரும். பெயரோடு உறவையும் ஊரையும் சேர்த்தே எழுதுங்கள்.

மனைவி, இங்கிலாந்து மார்கரெட்: மூன்றாம் ஹென்றியின் மகள். கல்யாணம் 1251 டிசம்பர் 26, யார்க் நகரில். மாப்பிள்ளைக்கு 10 வயது, பெண்ணுக்கு 11. கல்யாணத்துக்கு வந்த பையனிடம் ஸ்காட்லாந்துக்காகவும் என் முன் பணிந்து சத்தியம் செய் என்று மாமனார் கேட்டார். நான் கல்யாணத்துக்கு வந்தேன், இவ்வளவு பெரிய விஷயத்துக்கு என் பெரியவர்களைக் கலக்காமல் பதில் சொல்ல முடியாது என்று பையன் நழுவிவிட்டான். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி ஒருவர் எழுதிவைத்த செய்தி இது. இந்த மார்கரெட் இறந்தது 1275 பிப்ரவரி 26, கூப்பர் கோட்டையில்.

மகள், நார்வே ராணி மார்கரெட்: 1261 பிப்ரவரி 28, வின்ட்சரில் பிறந்தவர். ஸ்காட்லாந்து இளவரசி இங்கிலாந்தில் பிறந்திருப்பதைப் பார்த்து எழுத்துப்பிழை என்று மாற்றிவிடாதீர்கள். தாய் கர்ப்பமாக இருக்கும்போது பிறந்த வீட்டுக்குப் போனார், பிரசவம் அங்கேயே ஆனது. தாயையும் பிள்ளையையும் திருப்பி அனுப்புவேன் என்று மூன்றாம் ஹென்றியிடம் முன்கூட்டியே உறுதி வாங்கியிருந்தார்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1281-இல் இவரை நார்வே ராஜா இரண்டாம் எரிக்குக் கொடுத்தார்கள். பெண்ணுக்கு 20, எரிக்குக்கு 13 வயது. வரதட்சணை 14,000 மார்க். மார்க் அப்போது கணக்கில் மட்டும் இருந்த அலகு, அந்தப் பெயரில் நாணயம் கிடையாது. ஒரு மார்க் 160 பென்னி, அதாவது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே பவுண்டுக் கணக்கில் 9,333 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்னி. மார்க்கை அப்படியே பவுண்டாக எடுத்து எழுதுகிற தப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. இவர் இறந்தது 1283 ஏப்ரல் 9.

மருமகள், ஃப்ளாண்டர்ஸ் மார்கரெட்: இளவரசர் அலெக்சாண்டரின் மனைவி, கல்யாணம் 1282 நவம்பர். கணவர் இறந்தபின் கெல்டர்லாந்து பிரபுவை மணந்து போய்விட்டார்.

பேத்தி, நார்வே மார்கரெட்: மகளின் ஒரே குழந்தை. அந்தப் பிரசவத்தை ஒட்டியே தாய் இறந்தார் என்பதால் 1283 ஏப்ரலுக்குள் பிறந்துவிட்டார்.

மேலே இன்னொருவர் இருக்கிறார், மூன்றாம் மால்கமின் மனைவி புனித மார்கரெட், இறப்பு 1093. அலெக்சாண்டருக்கு ஐந்து தலைமுறை மேலே உள்ள பாட்டி. 1250-இல் டன்ஃபெர்ம்லின் மடத்தில் அவரது எலும்புகளைப் புதிய சமாதிக்கு மாற்றியபோது சிறுவன் அலெக்சாண்டரும் தாய் மரி த கூசியும் கூடவே இருந்தார்கள்.

இப்போது மகன்கள். அலெக்சாண்டர், பிறப்பு 1264 ஜனவரி 21, ஜெட்பர்க். டேவிட், அவருக்கு இளையவர், 1281 ஜூனில் ஸ்டர்லிங்கில் இறந்தபோது சிறுவன்.

சாவுகளை வரிசையாக வைத்தால் உங்கள் மூன்றாவது கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் வந்துவிடும். 1281 ஜூன், டேவிட். 1283 ஏப்ரல், மகள். 1284 ஜனவரி 28, லிண்டோர்ஸ் மடத்தில் மூத்த மகன், அப்போதுதான் 20 முடிந்து ஒரு வாரம். மூன்று ஆண்டுக்குள் மூன்று பிள்ளைகளும் போய்விட்டார்கள். மனைவி இறந்து பத்து ஆண்டுக்கு மேல் ராஜா மறுமணம் செய்யாததைப் பொறுப்பில்லாத்தனம் என்று எழுதுகிறவர்கள் இந்த வரிசையைப் பார்ப்பதில்லை. 1281 வரை அவருக்கு இரண்டு ஆண் வாரிசும் ஒரு மகளும் இருந்தார்கள். புதிதாகப் பிள்ளை பெற்றாக வேண்டிய அவசரம் 1284-இல்தான் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, 1285 இலையுதிர் காலத்தில், பிரான்சின் த்ரு பிரபு குடும்பத்து யோலண்டை ஜெட்பர்க்கில் மணந்தார்.

மகன் இறந்து எட்டாம் நாளே, 1284 பிப்ரவரி 5, ராஜாக்களை அரியணையில் அமர்த்தும் ஊரான ஸ்கோனில் பிரபுக்களைக் கூட்டி ஒரு பத்திரம் எழுதி வாங்கினார். 13 ஏர்ல்களும் (உயர்நிலைப் பிரபுக்கள்) மேற்குத் தீவுகளின் தலைவர்களும் அதில் அடக்கம். ராஜாவுக்கு இனி மகனோ மகளோ பிறக்காவிட்டால், இளவரசரின் விதவை வயிற்றிலும் வாரிசு இல்லாவிட்டால், நார்வேயில் இருக்கும் பேத்திதான் எங்கள் ராணி என்பது சாரம். வயிற்றில் இருக்கக்கூடிய பிள்ளையைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அந்தக் கவனம் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது.

கடைசியாக 1286 மார்ச் 19. எடின்பரோ கோட்டையில் ஆலோசனை முடிந்து, இரவில், புயலில், ஃபோர்த் நீர்வழியைப் படகில் கடந்து கிங்ஹார்னில் இருந்த யோலண்டிடம் போகப் புறப்பட்டார். அக்கரையில் வழிகாட்டிகளிடமிருந்து பிரிந்துவிட்டார். மறுநாள் கழுத்து முறிந்த நிலையில் உடல் கிடைத்தது. வயது 44. யோலண்ட் கர்ப்பம் என்று நாடு சில மாதம் காத்திருந்தது. உயிருள்ள குழந்தை எதுவும் வரவில்லை.

பதில் 2: ஏடுதேடி

ஆண்டுக் குழப்பத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்போது புத்தாண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. ஜனவரி 1-ஐ ஸ்காட்லாந்து 1600-இல்தான் ஏற்றது, இங்கிலாந்து 1752-இல். ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையான தேதி எதுவானாலும் மூல ஏட்டில் நம் கணக்கைவிட ஓராண்டு குறைவாக இருக்கலாம். இந்தக் குடும்பத்துக்கு வாய்த்த கஷ்டம், முக்கியமான தேதிகளில் பெரும்பாலானவை அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே விழுகின்றன. மகளின் பிறப்பு பிப்ரவரி 28, மூத்த மகனின் பிறப்பு ஜனவரி 21, ராணியின் சாவு பிப்ரவரி 26, மூத்த மகனின் சாவு ஜனவரி 28, வாரிசுப் பத்திரம் பிப்ரவரி 5, ராஜாவின் சாவு மார்ச் 19. வேறெந்த ராஜாவின் படத்திலும் இவ்வளவு இடத்தில் கால் இடறாது.

திருத்தாமல் விட்டால் என்ன ஆகும்? இளவரசர் இறந்தது 1283 ஜனவரி என்று வரும். அவர் அக்கா இறந்தது 1283 ஏப்ரல். அதாவது தம்பி முதலில் போய் அக்கா பிறகு போனதாக வரிசை தலைகீழாகும். உண்மையில் அக்கா போய் ஒன்பது மாதம் கழித்தே தம்பி போனார். பத்திரம் 1283 பிப்ரவரி என்றால் இன்னும் மோசம், மகள் உயிரோடு இருக்கும்போதே அவரைத் தாண்டிப் பேத்தியை வாரிசாக எழுதிய மாதிரி ஆகிவிடும். ராஜா கல்யாணத்துக்கு முன்பே இறந்த கதையை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. பதிப்பாசிரியர் ஏற்கெனவே திருத்திய தேதியை நாம் மறுபடி திருத்தி, ராஜாவை 1287 வரை வாழவைத்துவிடுவோம். அதனால் எந்த நூலை எடுத்தாலும் முதலில் ராஜாவின் சாவு என்ன ஆண்டாகப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 1286 என்றால் திருத்திய கணக்கு, மற்றவற்றைத் தொடாதீர்கள். 1285 என்றால் ஜனவரி முதல் மார்ச் 24 வரையான தேதிகளுக்கு மட்டும் ஒன்று கூட்டுங்கள். இரண்டு கணக்கும் கலந்துகிடக்கிற நூல்களும் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு தேதியையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

அப்படிச் சரிபார்க்க ஆட்சியாண்டு உதவும். தந்தை இரண்டாம் அலெக்சாண்டர் கெர்ரேரா தீவில் இறந்தது 1249 ஜூலை 8, பையனை ஸ்கோனில் அமர்த்தியது ஜூலை 13. பத்திரத்தில் ஆட்சியின் இத்தனையாவது ஆண்டு என்று இருந்தால், அந்த எண்ணோடு 1248-ஐக் கூட்டுங்கள். அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூலை வரை அதன் எல்லை. 35-ஆவது ஆண்டு என்றால் 1283 ஜூலை முதல் 1284 ஜூலை வரை. அதற்குள் பிப்ரவரி என்றால் 1284 பிப்ரவரி ஒன்றுதான் இருக்க முடியும், வேறு பேச்சே இல்லை. ஜூலை 8-க்கும் 13-க்கும் நடுவே தேதியிட்ட பத்திரம் வந்தால் மட்டும் நிதானியுங்கள்.

கிழமை கொடுத்திருந்தால் அதுவும் கை கொடுக்கும். 1100 மார்ச் முதல் 1300 பிப்ரவரி வரை ஜூலியன் நாட்காட்டிக்கும் இன்றைய கிரெகோரியனுக்கும் வித்தியாசம் சரியாக 7 நாள். அதனால் கணினி நாட்காட்டியில் அதே தேதியைப் போட்டாலும் கிழமை மாறாமல் வரும். 1286 மார்ச் 19 செவ்வாய், 1285 மார்ச் 19 திங்கள். 14-ஆம் நூற்றாண்டுக்குப் போனால் வித்தியாசம் 8 நாளாகிவிடும், இந்தக் குறுக்குவழி அங்கே செல்லாது.

டேவிட்டின் பிறப்பை மார்ச் 20 என்று சில நூல்கள் 1272-லும் சில 1273-லும் போடுவதைப் பார்ப்பீர்கள். அதே மார்ச் வலைதான். படத்தில் 1272/73 என்று இரட்டையாக எழுதுவதே நேர்மை.

கொடிவழிக்காரன்

வரிசை இப்போது தெளிவாகிவிட்டது, இருவருக்கும் நன்றி. 35-ஆவது ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்தது. பேலியல், புரூஸ் பகுதி பாக்கி. இருவருக்கும் பொதுவான முன்னோர் யார் என்பதிலேயே என் படம் நிற்கிறது.

பதில் 3: மூத்தகிளை

கீழே ஆள் இல்லாவிட்டால் ஒரு படி மேலே ஏறி, அங்கிருந்து கிளை தேட வேண்டும். அப்படியே போவோம்.

பேத்தி 1290 செப்டம்பர் கடைசியில் ஆர்க்னியில் இறந்தார், வயது 7. மூன்றாம் அலெக்சாண்டருக்குக் கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. இரண்டாம் அலெக்சாண்டரின் முதல் மனைவி, இங்கிலாந்து ஜான் ராஜாவின் மகள் ஜோன், 1238-இல் பிள்ளையில்லாமல் இறந்தார், அதன் பிறகு மணந்த மரி த கூசிக்கு இவர் ஒரே மகன். இன்னும் ஒரு படி ஏறினால் இரண்டாம் அலெக்சாண்டரின் சகோதரிகள், அவர்கள் வழியிலும் பிழைத்த சந்ததி இல்லை. ஆக அவர்கள் தந்தை சிங்கம் வில்லியமின் முறையான வம்சம் அங்கே முடிந்தது. வில்லியமின் அண்ணன் நான்காம் மால்கம் மணமாகாமலே 1165-இல் இறந்தவர். மிச்சம் தம்பி டேவிட், ஹன்டிங்டன் ஏர்ல், இறப்பு 1219. நீங்கள் தேடுகிற பொது முன்னோர் இவர்தான். முதலாம் டேவிட் ராஜா வேறு, அவர் இவருக்குத் தாத்தா. நடுவே இவர்கள் தந்தை ஹென்றி 1152-இல், முதலாம் டேவிட்டுக்கு ஓராண்டு முன்பே, இறந்ததால் ராஜாவாகவே இல்லை. ராஜாக்கள் பட்டியலை மட்டும் வைத்துப் படம் வரைந்தால் ஹென்றி விடுபட்டு, பேரன்கள் மகன்களாகிவிடுவார்கள்.

ஹன்டிங்டன் டேவிட்டின் மகன் ஜான் 1237-இல் பிள்ளையில்லாமல் இறந்தார். பிறகு மகள்கள். மூத்தவர் மார்கரெட் (இன்னொரு மார்கரெட், ஆமாம்), அடுத்தவர் இசபெல்லா, அதற்கடுத்து ஏடா. மார்கரெட்டின் மகள் டெர்வொர்கில்லா, அவர் மகன் ஜான் பேலியல். இசபெல்லாவின் மகன் ராபர்ட் புரூஸ். ஏடாவின் பேரன் ஜான் ஹேஸ்டிங்ஸ்.

வழக்கின் கரு இதுதான்: பேலியல் மூத்த மகளின் பேரன், புரூஸ் இரண்டாவது மகளின் மகன். புரூஸ் டேவிட்டுக்கு இரண்டு படி, பேலியல் மூன்று படி. ரத்தத்தில் நான் ஒரு படி நெருக்கம், ஆகவே எனக்கே என்றார் புரூஸ். இரண்டாம் அலெக்சாண்டர் பிள்ளையில்லாமல் இருந்த காலத்தில் தன்னை வாரிசாக ஒப்புக்கொண்டார் என்றும் சொன்னார். பேலியல் தரப்பு, செத்துப்போன பெற்றவரின் இடத்தில் பிள்ளை நிற்கும், மூத்த கிளை முழுவதும் தீர்ந்தபிறகே இளைய கிளைக்கு வழி என்றது. ஹேஸ்டிங்ஸ், நாட்டை மற்றச் சொத்துபோல் மூன்று மகள்களின் வழிக்கும் மூன்றாகப் பங்கு போடுங்கள் என்றார். தன் வாதம் தோற்றதும் புரூஸும் பங்கு கேட்டார் என்பது அவருக்குப் பெருமை சேர்க்கிற விஷயம் இல்லை.

விசாரணையில் 104 பேர்: பேலியல் நியமித்த 40, புரூஸ் நியமித்த 40, இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்டின் ஆட்கள் 24. உரிமை கோரியவர்கள் எட்வர்டைச் சேர்க்காமல் 13 பேர். அதில் பலர் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள் வழி வந்தவர்கள், அவர்கள் மனு ஆரம்பத்திலிருந்தே நிற்கக்கூடியது இல்லை. இறந்த சிறுமியின் தந்தை எரிக்கும் ஒரு மனு போட்டார், மகள் சொத்து தந்தைக்கு என்று. வாரிசு கீழேதான் இறங்கும், அப்படி மேலே ஏறாது. தீர்ப்பு 1292 நவம்பர் 17, பெர்விக் கோட்டையில், பேலியலுக்கு.

எட்வர்ட் பிடித்துப் போட்ட ஆள் என்பதற்கு வருகிறேன். இதை நான் ஏற்கமாட்டேன். மூத்த கிளைக்கே முதல் உரிமை, நாடு பிரிக்கப்படாது என்ற இரண்டு விதிகளையும் ஏற்றால் பேலியலைத் தவிர வேறு விடை வராது, நீங்களே படத்தில் விரல் வைத்துப் பார்க்கலாம். அநியாயம் வேறு இடத்தில் நடந்தது. தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே, ஸ்காட்லாந்தின் மேலதிகாரி நான்தான் என்று உரிமை கோரியவர்களை எட்வர்ட் ஒப்புக்கொள்ளவைத்தார். தீர்ப்பு சரி, தீர்ப்பைச் சொல்ல வந்தவர் எடுத்துக்கொண்ட அதிகாரம்தான் தப்பு. இரண்டையும் குழைத்து எழுதுவதால் பேலியலுக்குக் கெட்டபெயர் மட்டும் மிஞ்சுகிறது.

ஒரு எச்சரிக்கை. ராபர்ட் புரூஸ் மூன்று பேர். வழக்காடியவர் தாத்தா, இறப்பு 1295. அவர் மகன் கேரிக் ஏர்ல், இறப்பு 1304. பேரன்தான் 1306-இல் ராஜாவானவர், பிறப்பு 1274 ஜூலை 11. வழக்கு நடந்தபோது அவருக்கு 18 வயது.

பதில் 4: வடகடல்

மூத்தகிளை சொன்னதோடு எட்வர்டின் உறவையும் படத்தில் காட்டுங்கள், இல்லாவிட்டால் அவர் எங்கிருந்தோ வந்து நுழைந்த மாதிரி இருக்கும். முதல் மனைவி மார்கரெட்டுக்கு அவர் அண்ணன். அதாவது அலெக்சாண்டருக்கு மச்சான், இறந்த மூன்று பிள்ளைகளுக்கும் தாய்மாமன். 1278-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அந்த மச்சான் முன்னால் அலெக்சாண்டர் பணிந்தது இங்கிலாந்தில் தனக்கிருந்த நிலங்களுக்காக மட்டும். ஸ்காட்லாந்துக்காகப் பணிய வேண்டியது கடவுளுக்கு முன் மட்டுமே என்று அவர் சொன்னதாக ஸ்காட்லாந்து ஏடு கூறுகிறது. உயிரோடு இருந்தவரை அந்த நிலைப்பாட்டை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

ராஜா இறந்தபின் நாட்டை நடத்தியது ஸ்கோனில் தேர்ந்தெடுத்த ஆறு காப்பாளர்கள்: இரண்டு பிஷப், இரண்டு ஏர்ல், இரண்டு பிரபு. 1290-இல் பர்கம் ஒப்பந்தப்படி பேத்தியை எட்வர்டின் மகனுக்கு நிச்சயம் செய்தார்கள். மாப்பிள்ளை அந்தச் சிறுமியின் தாய்க்கு மாமன் மகன். மூன்றாம் ஹென்றியிலிருந்து எண்ணினால் பையன் இரண்டு படி, சிறுமி மூன்று படி. நாலு படிக்குள் மணம் கூடாது என்பது அன்றைய திருச்சபை விதி, அதனால் போப்பிடம் 1289-இலேயே விலக்கு வாங்கினார்கள்.

பேத்தியை ராணி என்று போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஸ்கோனில் கல்லில் அமர்த்தும் சடங்கு அவருக்கு நடக்கவே இல்லை. ஸ்காட்லாந்து மண்ணை மிதித்ததும் இல்லை, ஆர்க்னி அப்போது நார்வேயுடையது. சில பட்டியல்கள் 1286–1290 என்று ஆட்சி கொடுக்கும், சில விட்டுவிடும். பெயரைப் போட்டு, பக்கத்தில் 'அரியணை ஏறாதவர்' என்று குறித்துவிடுங்கள். அலெக்சாண்டருக்கும் 'முடிசூட்டு' என்று எழுத வேண்டாம். அவரைக் கல்லில் அமர்த்தினார்கள், கேலிக் புலவர் ஒருவர் எழுந்து அலெக்சாண்டர், அவர் தந்தை அலெக்சாண்டர், அவர் தந்தை வில்லியம், அவர் தந்தை ஹென்றி, அவர் தந்தை டேவிட் என்று முன்னோர்களை அடுக்கிச் சொன்னார். ராஜாவாகாத ஹென்றி அங்கே விடுபடவில்லை. எண்ணெய் பூசி முடிசூடும் உரிமையைப் போப் 1329-இல்தான் கொடுத்தார்.

1301 என்ற ஆண்டோடு இன்னொரு நார்வே மார்கரெட் கிடைத்தால் படத்தில் சேர்க்காதீர்கள். பேத்தியின் உடல் நார்வேயின் பெர்கன் நகருக்குக் கொண்டுபோகப்பட்டு, தந்தை எரிக் பெட்டியைத் திறந்து பார்த்து உறுதிசெய்தபின் தாயின் பக்கத்தில் அடக்கம் ஆனது. எரிக் 1299-இல் இறந்தபின் நான்தான் அந்த மார்கரெட் என்று ஒரு பெண் வந்தார், பெர்கனில் அவரை எரித்துக் கொன்றார்கள். பார்வைக்கு அவருக்கு 40 வயது இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையான மார்கரெட் இருந்திருந்தால் அப்போது 18.